காணி எடுக்கும் அறிவித்தல் வந்தால்: சம்பூர், மூதூர் மக்கள் கவனிக்க வேண்டியவை

இலங்கையின் திருகோணமலை மாவட்டத்துச் சம்பூரில் திட்டமிடப்பட்டிருந்த நிலக்கரி அனல்மின் நிலையம் 2016இல் கைவிடப்பட்டது. அதே சம்பூரில் 120 மெகாவாட் சூரிய மின் நிலையத்துக்கான வேலை 2025 ஏப்ரலில் தொடக்கி வைக்கப்பட்டது. நிலக்கரிச் சாம்பல் நம் வயல்களில் விழப்போவதில்லை என்பதில் எனக்கும் மகிழ்ச்சியே. எனினும் சூரிய மின்சாரத்துக்கும் காணி வேண்டும். அரசு தனியார் காணியை எடுக்கும்போது 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி எடுத்தற் சட்டம் பொருந்தும்.

உங்கள் காணியை எடுக்க எண்ணியிருப்பதாக அச்சட்டத்தின் 4ஆம் பிரிவின் கீழ் அறிவித்தல் வந்தால், ஆட்சேபிக்கக் குறைந்தது 14 நாள் தரப்பட வேண்டும். ஆட்சேபனை, காரணங்களுடன், எழுத்தில், அறிவித்தலில் குறிப்பிட்டுள்ள அமைச்சின் செயலாளருக்குப் போய்ச்சேர வேண்டும். கிராம சேவகரிடம் வாயால் சொன்னது கணக்கில் வராது. மூதூர்ப் பக்கத்து அம்மா ஒருவர், மடித்த இடமெல்லாம் கிழிந்த காணி உறுதிப் பிரதியைச் சொப்பிங் பையில் சுற்றிக்கொண்டு ஓர் அலுவலகத்துக்கு மூன்று தடவை அலைந்தார். முதல் நாள் உத்தியோகத்தர் இல்லை. அடுத்த தடவை அது வேறு மேசையின் வேலை என்றார்கள். மூன்றாம் தடவை கடிதத்தை வாங்கிக்கொண்டார்கள், ஆனால் பெற்றுக்கொண்டதாக ஒப்பமிட்டுத் தரவில்லை. தவணை முடிந்தபின் ஆட்சேபனை எதுவும் வரவில்லை என்றே அவருக்குச் சொல்லப்பட்டது. ஆகவே பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டை உறுதியோடு சேர்த்து வையுங்கள்.

7ஆம் பிரிவின் அறிவித்தலில் விசாரணைத் திகதி இருக்கும். உங்கள் உரித்து என்ன, எவ்வளவு இழப்பீடு கேட்கிறீர்கள், அதை எப்படிக் கணக்கிட்டீர்கள் என்பவற்றை அத்திகதிக்கு ஏழு நாள் முன்பாவது எழுத்தில் கொடுத்துவிட வேண்டும். பலர் விசாரணையன்று வெறுங்கையோடு போய், 'அரசு தருவதைத் தரட்டும்' என்று சொல்லிவிட்டு வருகிறார்கள். தொகையை நீங்களே எழுதுங்கள். கிணறு, தென்னை, வேலி எதையும் விடாதீர்கள். 2006 போர்க்கால இடப்பெயர்வில் உறுதியைத் தொலைத்தவர்கள், அறிவித்தல் வரும்வரை காத்திராமல், காணிப் பதிவகத்தில் இப்போதே பிரதி எடுத்துக்கொள்ள வேண்டும்.

அவசரம் என்று சொல்லி, 38ஆம் பிரிவின் விதிவிலக்கின்படி, இழப்பீடு தீர்மானிக்கப்படும் முன்பே காணியைப் பொறுப்பேற்கவும் முடியும். அப்படி எடுத்த காணியைப் பயன்படுத்தாமல் போட்டு வைத்தால், 39அ பிரிவின் கீழ் அமைச்சர் அதைத் திருப்பிக் கொடுக்கலாம். ஆனால் இழப்பீடு வழங்கப்பட்டிருந்தாலோ, காணியில் மேம்பாடு ஏதும் செய்யப்பட்டிருந்தாலோ அந்த வழி அடைபட்டுவிடும். காணியே திரும்ப வேண்டும் என்று நினைப்பவர்கள், பணத்தைப் பெற்று ஒப்பமிடுமுன் சட்டத்தரணி ஒருவரிடம் கேளுங்கள். வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

தீர்மானித்த தொகை போதாதென்றால், அந்த இழப்பீட்டுத் தீர்மானம் உங்களுக்கு அறிவிக்கப்பட்டு 21 நாளுக்குள் காணி எடுத்தல் மீளாய்வுச் சபைக்கு மேன்முறையீடு செய்ய வேண்டும். 'பார்த்துச் செய்கிறோம்' என்று அலுவலகத்தில் எவர் சொன்னாலும், அந்த 21 நாள் உங்களுக்காக நிற்காது.