டெக்கான் டிராப்: பொறியா, படியா?

பூகோளப் பாடத்தில் வரும் ‘டெக்கான் டிராப்’ என்ற எரிமலைப் பாறைப் பகுதியைச் சிலர் ‘தக்காணப் பொறி’ என்று தமிழாக்குகிறார்கள். டிராப் என்றதும் எலிப்பொறி நினைவுக்கு வருவது இயல்புதான். ஆனால் இந்த டிராப் வேறு. சுவீடிய மொழியில் ‘டிராப்பா’ என்றால் படிக்கட்டு. எரிமலைக் குழம்பு ஆறி இறுகிய பசால்ட் பாறை மலைகள் படிபடியாக நிற்பதைப் பார்த்து ஐரோப்பிய நிலவியலாளர்கள் 18ஆம் நூற்றாண்டில் அந்தச் சொல்லைத் தங்கள் துறைக்கு எடுத்துக்கொண்டார்கள். டெக்கான் என்பதோ ‘தட்சிணம்’ வழியே வந்தது, தெற்கு என்று பொருள்.

மும்பையில் மாட்டுங்காவிலிருந்தோ தாராவியிலிருந்தோ புனே வழியாக ஊருக்கு ரயிலேறும் பிள்ளைகள், கர்ஜத் தாண்டி லோனாவ்லா ஏறும்போது ஜன்னலில் பார்ப்பது இந்தப் படிகளைத்தான். சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலம் பிளந்து எரிமலைக் குழம்பு வழிந்தது. ஒரு முறையல்ல, அடுக்கின் மேல் அடுக்காகப் பலமுறை. ஒவ்வொரு அடுக்கிலும் நடுப்பகுதி இறுகியது. துளைகள் நிறைந்த மேற்பகுதி சீக்கிரம் தேயும். மெத்தென்றது கரைய, இறுகியது செங்குத்தாக நிற்க, மலை படிக்கட்டாகிவிடுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் சில இடங்களில் இந்த அடுக்குகள் சேர்ந்து 2,000 மீட்டரையும் தாண்டும். இவ்வளவையும் விட்டுவிட்டு ‘எரிமலைக் குழம்பால் ஆனது, கரிசல் மண் தரும்’ என்று ஒரே வரியில் முடித்தால் பிள்ளை மனப்பாடம்தான் செய்யும்.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? ‘தக்காணப் படிப்பாறை’ சுருக்கமானது, ஆனால் ‘படிவுப் பாறை’ என்ற இன்னொரு வகையோடு குழப்பிவிடும். அது வண்டல் படிந்து உண்டாவது, நேர் எதிர். அதனால் ‘தக்காண எரிமலைப் படிகள்’ என்பதே என் தேர்வு.

பசால்ட்டைக் ‘கருங்கல்’ என்று மட்டும் சொல்லிக்கொடுக்க வேண்டாம். ஊரில் கிரானைட்டையும் கருங்கல் என்றுதான் சொல்கிறோம். கிரானைட் பூமிக்கடியில் மெல்ல ஆறியது, அதிலுள்ள கனிம மணிகள் கண்ணுக்குத் தெரியும். பசால்ட் வெளியே வந்து சட்டென்று ஆறியதால் மணிகள் பொடியாக இருக்கும். அந்தேரி மேற்கில் கில்பர்ட் குன்றுக்கு வகுப்பையே கூட்டிப் போகலாம். குழம்பு ஆறிச் சுருங்கும்போது வெடித்துப் பிரிந்த பசால்ட் தூண்கள் அங்கே சுமார் 60 மீட்டர் உயரத்துக்கு நிற்கின்றன.