மறுவாழ்வு: மூளைக்காயத்துக்குப் பின் தொடங்கும் ஒரு சொல்

தலையில் அடிபட்டுச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவரைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, "குணமாயிடுச்சா?" என்பதுதான். தையல் ஆறிவிட்டது, நடக்கிறார், சாப்பிடுகிறார். ஆமாம், குணமாகிவிட்டது. சில வாரங்கள் போனபின் அதே வீட்டில் வேறொரு பேச்சு கேட்கும்: "ஆளோட குணமே மாறிப்போச்சு." எடுத்ததற்கெல்லாம் கோபம். தொடங்கிய வேலை பாதியில் நிற்கிறது. பத்து நிமிடம் முன்பு சொன்னது நினைவில் இல்லை.

உடம்பு தேறுவதும் குணம், மனிதரின் இயல்பும் குணம். தமிழ் ஒரே சொல்லில் வைத்திருக்கும் இந்த இரண்டு பொருளும் மூளைக்காயத்தில் எதிரெதிரே வந்து நிற்கின்றன. ஒன்று வந்துவிட்டது, மற்றது வரவில்லை. அந்த இடைவெளியில் நடக்கும் நீண்ட வேலைக்குத்தான் ரீஹாபிலிடேஷன் என்று பெயர். சுருக்கமாக ரீஹாப் என்கிறார்கள். தமிழில் மறுவாழ்வு, புனர்வாழ்வு, மறுசீரமைப்பு, திறன்மீட்பு என்று ஆளுக்கொரு சொல்லை எழுதுகிறோம். எது பொருந்தும் என்று பார்க்க, அந்தச் சொல் வந்த வழியைக் கொஞ்சம் பின்தொடர வேண்டும்.

அதற்கு முன் ஒரு பிழையைச் சொல்லியாக வேண்டும். ட்ராமாட்டிக் பிரெய்ன் இஞ்சுரி என்பதை 'அதிர்ச்சிகரமான மூளைக் காயம்' என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். ட்ராமா என்பது கிரேக்கச் சொல். அதன் நேர்ப்பொருள் காயம், புண். மன அதிர்ச்சி என்ற பொருள் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் அதோடு ஒட்டிக்கொண்டது. இங்கே பேசப்படுவது விழுந்தோ மோதியோ அடிபட்டோ, வெளியிலிருந்து வந்த விசையால் மூளைக்கு ஏற்பட்ட கேடு. ஆகவே மூளைக்காயம் என்றாலே போதும். பக்கவாதத்தால் வந்த பாதிப்பிலிருந்து பிரித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் 'அடிபட்டதால் வந்த மூளைக்காயம்' என்று எழுதலாம். அதிர்ச்சிக்கு அங்கே வேலை இல்லை.

சரி, ரீஹாபிலிடேஷனுக்கு வருவோம். லத்தீனில் ஹபேரே என்றால் வைத்திருத்தல், பிடித்திருத்தல். அதிலிருந்து ஹாபிலிஸ்: கையாள எளிதான, ஏற்ற, தகுந்த. தமிழில் இதற்குப் பக்கத்தில் நிற்கும் சொல் 'கைவந்த' என்பது. கைவந்த கலை என்கிறோமே, அந்தக் கைவருதல். ஹாபிலிடாரே என்றால் தகுதியாக்குதல். முன்னால் 'ரீ' சேர்ந்தால், கைவிட்டுப் போனதைத் திரும்பக் கைவரச் செய்தல்.

வேர் இப்படி இருந்தாலும், சொல் முதலில் புழங்கிய இடம் மருத்துவம் இல்லை, சட்டம். இடைக்கால ஐரோப்பாவில் பதவியையோ உரிமையையோ நற்பெயரையோ இழந்த ஒருவருக்கு அதைத் திருப்பிக் கொடுப்பதைத்தான் அது குறித்தது. பிரான்சின் படைகளுக்கு முன்னின்ற ஜோன் ஆஃப் ஆர்க் என்ற இளம்பெண், மதவிரோதி என்று தீர்ப்பளிக்கப்பட்டு 1431இல் எரித்துக் கொல்லப்பட்டார். 1456இல் மறுவிசாரணை நடத்தி அந்தத் தீர்ப்பைச் செல்லாததாக்கினார்கள். அந்த விசாரணையை இன்றும் ரீஹாபிலிடேஷன் விசாரணை என்றே வரலாற்றில் குறிப்பிடுகிறார்கள். இறந்துவிட்டவருக்கு ரீஹாபிலிடேஷனா என்று தோன்றலாம். ஆனால் சொல்லின் பழைய பொருள் அங்கே துலக்கமாகத் தெரிகிறது: மனிதர்களுக்கு நடுவே ஒருவருக்கு இருந்த இடத்தைத் திரும்பத் தருவது. மருத்துவத்துக்கு வந்த பிறகும் இந்தப் பொருள் தொலையக் கூடாது என்பதுதான் என் எண்ணம்.

அது மருத்துவத்துக்கு வந்தது முதல் உலகப் போரின்போது. ஊனமுற்றுத் திரும்பிய படைவீரர்களுக்குத் தொழில் பழக்க அமெரிக்கா 1918இல் இயற்றிய சட்டத்தில் இந்தச் சொல் இருந்தது. அதே போர்க்காலத்தில் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட்டில் கூர்ட் கோல்ட்ஸ்டைனும் கொலோனில் வால்தர் பொப்பெல்ராய்ட்டரும், இருவரும் மருத்துவர்கள், தலையில் குண்டடிபட்ட வீரர்களுக்காகச் சிகிச்சையும் பயிற்சியும் தரும் தனி இடங்களை நடத்தினார்கள். இரண்டாம் உலகப் போரில் யூரல் மலைப்பகுதியில் சோவியத் உளவியலாளர் அலெக்சாண்டர் லூரியா இதே வேலையைச் செய்தார். பிரிட்டனில் உளவியலாளர் ஆலிவர் ஸாங்வில் 1947இல் வெளியிட்ட கட்டுரையில் மூன்று வழிகளைப் பிரித்துக் காட்டினார். மிச்சமிருக்கும் திறன்களைத் திரும்ப அடுக்கி, குறை தாக்காதபடி பார்த்துக்கொள்வது ஒன்று. அதே காரியத்தைச் செய்ய வேறொரு முறையைப் பழக்குவது இரண்டாவது. பழுதான திறனையே நேரடிப் பயிற்சியால் வளர்ப்பது மூன்றாவது. மூன்றில் இரண்டு, பழையது அப்படியே திரும்பி வரும் என்று நம்பி உட்கார்ந்திருப்பவை அல்ல. தமிழ்ச் சொல்லைத் தேரும்போது இது உதவும்.

இப்போது தமிழ்ச் சொற்கள். புனரமைப்பு, மறுசீரமைப்பு இரண்டும் கோயிலுக்கும் சாலைக்கும் நிறுவனத்துக்கும் சரி. மனிதரைக் கட்டடம்போல் பேசுவது எனக்கு ஒட்டவில்லை. திறன்மீட்பு நல்ல சொல்தான். ஹாபிலிஸுக்குத் திறன் நேராகப் பொருந்துகிறது. ஆனால் மீட்பது என்றால் நமக்கு அடகு வைத்த நகை நினைவுக்கு வரும்: வைத்தது வைத்தபடி கைக்கு வர வேண்டும். நினைவாற்றல் அப்படி வருவதில்லை. குறிப்பேடு வைத்து நாளை ஓட்டப் பழகியவர் நினைவை மீட்கவில்லை, ஆனாலும் அவர் பெற்றது முழுமையான ரீஹாபிலிடேஷன்தான். அந்தச் சொல் இதை வெளியே நிறுத்திவிடுகிறது.

புனர்வாழ்வுக்கும் மறுவாழ்வுக்கும் பொருளில் வேறுபாடு இல்லை. புனர் என்ற வடசொல்லும் மறு என்ற தமிழ்ச் சொல்லும் 'மீண்டும்' என்பதைத்தான் சொல்கின்றன. இலங்கையில் முன்னது அதிகம் புழங்குகிறது, தமிழகத்தில் பின்னது. ஆனால் மறு என்பதில் கூடுதலாக ஒன்று இருக்கிறது. மறுபடி என்னும்போது 'திரும்பவும்', மறுகரை என்னும்போது 'வேறொரு'. மறுவாழ்வு என்ற சொல்லுக்குள் இரண்டும் இருக்கின்றன: திரும்பவும் வாழ்வது, வேறொரு விதமாக வாழ்வது. மூளைக்காயத்துக்குப் பிறகு நடப்பதை இவ்வளவு நேர்மையாகச் சொல்லும் சொல் வேறு இல்லை. லத்தீன் சொல்லில்கூட இந்த 'வேறொரு' கிடையாது.

மறுவாழ்வு மையம் என்ற பலகையைப் பார்த்தால் குடிப்பழக்கத்தை நிறுத்தும் இடம் என்று நினைக்கிறார்களே என்பார்கள். உண்மைதான். 'மூளைக்காய மறுவாழ்வு', 'மறுவாழ்வுச் சிகிச்சை' என்று அடைகொடுத்து எழுதினால் அந்தக் குழப்பம் தீரும். அதற்காகச் சொல்லையே கைவிட வேண்டியதில்லை.

இதோடு பக்கத்திலேயே நிற்கும் இன்னொரு சொல் ரெகவரி. இரண்டையும் ஒன்றாக்கிவிடுவதில்தான் பெரிய தீங்கு நடக்கிறது. மீள் என்பது தன்வினை: மீண்டான், தானே திரும்பி வந்தான். ரெகவரிக்கு மீட்சி என்பது அழகாக அமைகிறது. அடிபட்ட மூளையில் வீக்கம் வடிகிறது. சேதமான இடத்தோடு தொடர்பிலிருந்ததால் செயலற்றுப்போன பகுதிகள் மெல்ல விழிக்கின்றன. இப்படித் தொலைவிலிருக்கும் பகுதி செயலிழப்பதற்கு நரம்பியல் மருத்துவர் கான்ஸ்டன்டின் ஃபான் மொனாக்கோவ் 1914இல் டயாஸ்கிசிஸ் என்று பெயர் வைத்தார். மிஞ்சிய நரம்பு வலைகள் புதிய இணைப்புகளைக் கட்டிக்கொள்கின்றன. இதெல்லாம் மீட்சி, மூளைக்குள் நடப்பது. மறுவாழ்வு என்பது அந்த மீட்சியைப் பயன்படுத்தியும், அது போதாத இடத்தில் வேறு வழி அமைத்தும் மனிதர்கள் செய்யும் வேலை.

ஆய்வுகளிலும் இந்த இரண்டு நோக்கும் தனித்தனியாகத் தெரியும். அமான்டடின் என்ற மருந்தைப் பற்றி 2012இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அடிபட்டு 4 முதல் 16 வாரங்கள் ஆகியும் சுயநினைவு சரியாகத் திரும்பாத 184 பேர் அதில் இருந்தார்கள். நான்கு வாரம் மருந்து கொடுத்தபோது, வெற்று மாத்திரை பெற்றவர்களைவிட இவர்களின் முன்னேற்றம் வேகமாக இருந்தது. மருந்தை நிறுத்தியதும் வேகம் குறைந்தது. இது மீட்சியைப் பற்றிய ஆய்வு. இன்னொன்று, பிரிட்டன் உளவியலாளர் பார்பரா வில்சன் குழுவினர் 2001இல் வெளியிட்டது. நினைவும் திட்டமிடலும் பாதிக்கப்பட்ட 143 பேரிடம் ஒரு பேஜரைக் கொடுத்தார்கள். மாத்திரை எடுக்க வேண்டிய நேரம், கிளம்ப வேண்டிய நேரம் வந்ததும் அது ஒலி எழுப்பிச் செய்தி காட்டும். பேஜர் இருந்த வாரங்களில் அவர்கள் அன்றாட வேலைகளைத் தவறவிடுவது வெகுவாகக் குறைந்தது. நினைவு சக்தி கூடியதற்காக அல்ல, வாழ்வு நடந்ததற்காகத்தான் அதை வெற்றி என்றார்கள். இது மறுவாழ்வைப் பற்றிய ஆய்வு.

மீட்சி முதல் சில மாதங்களில் வேகமாக இருக்கும், பிறகு தளரும். அது தளர்ந்ததும் "இனி அவ்வளவுதான்" என்று பயிற்சியையும் நிறுத்திவிடுகிறார்கள். இரண்டுக்கும் ஒரே சொல் வைத்திருப்பதன் விலை இது. அமெரிக்காவில் 1987 முதல் நடந்துவரும் நெடுங்கால ஆய்வு ஒன்று, அடிபட்டவர்களை ஓராண்டு, இரண்டாண்டு, ஐந்தாண்டு, பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை என்று தொடர்ந்து பார்க்கிறது. இது வாழ்நாள் நீளத்துக்கு மாறிக்கொண்டே போகிற நிலை என்பதை ஒப்புக்கொண்டதால்தான் அவ்வளவு நீளமான கண்காணிப்பு.

மூளைக்காயம் பற்றிய பாடப்புத்தகங்களில் அடிக்கடி வரும் அமெரிக்க ரயில்பாதை மேற்பார்வையாளர் ஃபினியஸ் கேஜின் கதையையும் இந்த இரண்டு சொற்களை வைத்துத் திரும்பப் படிக்கலாம். 1848இல் ஏறத்தாழ ஆறு கிலோ எடையுள்ள இரும்புத் தடி அவருடைய மண்டையைத் துளைத்து வெளியேறியது. உயிர் பிழைத்தார். ஆனால் நண்பர்களுக்கு அவர் பழைய கேஜாக இல்லை. பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் அங்கேயே நிறுத்திவிடும். அப்புறம் அவர் சிலி நாட்டுக்குப் போய் ஏழு ஆண்டுகளுக்கு நெருக்கமாகக் குதிரைவண்டி ஓட்டினார். குறித்த நேரம், குறித்த பாதை, பயணிகளோடு பேச்சு, குதிரைகளைப் பராமரிப்பது. ஒவ்வொரு நாளும் ஒரே வரிசையில் அமைந்த அந்த வேலையே அவரை மீண்டும் மனிதர்களுக்கு நடுவே நிறுத்தியது என்று வரலாற்றாய்வாளர் மால்கம் மக்மில்லன் வாதிடுகிறார். கேஜுக்கு அன்று மறுவாழ்வு மையமோ பயிற்சியாளரோ இல்லை. ஒரு குதிரைவண்டி இருந்தது.

ஒரு குறிப்பு இன்னும் மிச்சம். ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை, 2006இல் ஏற்கப்பட்டது, அதன் 26ஆம் பிரிவு ரீஹாபிலிடேஷனோடு 'ரீ' இல்லாத ஹாபிலிடேஷனையும் சேர்த்தே சொல்கிறது. மூன்று வயதில் தலையில் அடிபட்ட குழந்தை எழுதவோ திட்டமிடவோ இன்னும் கற்கவே இல்லை. அந்தத் திறன்கள் வளர வேண்டிய வயது வரும்போதுதான் பழைய காயம் தலைகாட்டும், சில சமயம் பல ஆண்டுகள் கழித்து. அந்தக் குழந்தை இழந்ததைத் திரும்பப் பெறவில்லை, முதன்முதலாகப் பெறுகிறது. அங்கே 'மறு' பொருந்தாது. திறனாக்கம் என்று எழுதலாம்.