ஹார்ட் பூட்டும் பிளேட் பைண்டிங்கும்: கழரட்டும் எண்டு லூசா விடுற ஆக்களுக்கு

போன சனிக்கிழமை காலமை கடை திறந்து ஒரு மணித்தியாலம் கூட ஆகேல்ல, ஒரு தமிழ்த் தகப்பன் கையில ஸ்னோபோர்டோட வந்து நிக்கிறார். போர்ட் மட்டும்தான். சப்பாத்தும் இல்ல, சறுக்கின பெடியனும் இல்ல. பெடியன் ஆஸ்பத்திரியில, முழங்காலுக்க இருக்கிற சிலுவை நார் கிழிஞ்சு போய் ஒப்பரேசனுக்கு நாள் குறிச்சிருக்கினம். தகப்பன் என்னட்டக் கேட்ட முதல் கேள்வி: "தம்பி, முன் கால் கழண்டுது, பின் கால் ஏன் கழரேல்ல? பின் பைண்டிங் பழுதோ?"

நான் மேசையில கையை ஊண்டிக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாம நிண்டன். ஏனெண்டா பின் பைண்டிங், அதாவது சப்பாத்தைப் பலகையோட பிடிச்சு வைக்கிற பூட்டு, தன்ர வேலையை ஒழுங்காச் செய்திருக்கு. கழண்டுது பாருங்கோ முன் பைண்டிங், அதுதான் பிழை. மகன் ஆஸ்பத்திரியில கிடக்கேக்க ஒரு மனுசனுக்கு இதை எப்பிடிச் சொல்லுறது? இந்த சீசனில இது எனக்கு மூண்டாவது. அதான் ராவு ரெண்டு தேத்தண்ணி குடிச்சுப்போட்டு இருந்து எழுதுறன்.

நான் சுவிசில கிரவ்புண்டன் பக்கம் ஒரு வாடகைக் கடையின்ர பட்டறையில 14 வருசமா நிக்கிறன். ஸ்கீக்குக் கரை தீட்டுறது, மெழுகு பூசுறது, பைண்டிங் பூட்டுறது, இதுதான் வேலை. எங்கட ஆக்களின்ர ரெண்டாம் தலைமுறைப் பிள்ளையள் இப்ப நல்லாச் சறுக்குதுகள், பார்க்கச் சந்தோசம். அதில கொஞ்சப் பேருக்குச் சாதாரண சொஃப்ட் பூட் காணாதாம், ஒலிம்பிக்கில பிலிப் ஷோக் 2002 இலயும் 2006 இலயும் தங்கம் எடுத்த, பட்ரிசியா கும்மர் 2014 இல எடுத்த, நெவின் கல்மரீனி 2018 இல எடுத்த அந்த பரலல் ஜயண்ட் ஸ்லாலம் (ரெண்டு பேர் பக்கம் பக்கமாக் கொடியளைச் சுத்தி வளைஞ்சு இறங்கிற போட்டி) போர்ட் வேணுமாம். ஒடுங்கின நீளப் போர்ட், ஸ்கீச் சப்பாத்து மாதிரிக் கட்டிப் பிளாஸ்டிக் பூட், அதுதான் ஹார்ட் பூட், அதுக்கு ஒரு உலோகத் தட்டுப் பைண்டிங், அதுதான் பிளேட் பைண்டிங். புதுசா எடுத்தா விலை அந்த மாதிரி, அதால எல்லாரும் பழசுதான் தேடி எடுக்கினம். போர்ட் ஒருத்தரிட்ட, சப்பாத்து இன்னொருத்தரிட்ட. கரைச்சல் துவங்குறது அங்கதான்.

முதல்ல அந்தப் பெடியன்ர கதையை முடிக்கிறன். பைண்டிங்கை வித்தவர் பெரிய கால்காரன் போல, பிளேட் 30 சென்ரிமீற்றருக்கு மேல நீளமான சப்பாத்தடிக்குச் செட் பண்ணியிருந்தது. பெடியன்ர சப்பாத்தின்ர அடி அதைவிட ஒண்டரை சென்ரிமீற்றர் கட்டை. நியாயமாப் பார்த்தா தட்டில சப்பாத்தைப் பிடிக்கிற முன் கட்டையையும் பின் கட்டையையும் கழட்டி உள்ள தள்ளியிருக்க வேணும். பெடியனார் செய்தது என்னெண்டா, சப்பாத்தின்ர முன்பக்கத்தை அமத்திப் பூட்டுற முன் லீவரில ஒரு சின்னத் திருகு இருக்கெல்லோ, அதைப் பிடிச்சுத் திருகித் திருகி லீவர் ஒருமாதிரிப் பூட்டுப்படுற வரைக்கும் கொண்டு வந்திட்டார். அந்தத் திருகு சப்பாத்தின்ர முன் உதட்டின்ர (அடியில முன்னுக்கு நீட்டிக்கொண்டு நிக்கிற விளிம்பு) தடிப்புக்கு ஏற்றமாதிரி இறுக்கத்தைக் கொஞ்சம் கூட்டிக் குறைக்கத்தான். நீளத்துக்கு இல்ல. லீவர் பூட்டுப்பட்டது, ஆனா ஒரு விரலால தள்ளினாலே பூட்டுற மாதிரி. அதைப் பார்த்து அவருக்குச் சந்தோசம் வேற, "லேசா இருந்தாத்தானே விழேக்க கழரும்" எண்டு தகப்பனுக்கும் விளங்கப்படுத்தியிருக்கிறார்.

இந்த ஒரு வசனத்தைக் கேட்டாலே எனக்கு மண்டை கொதிக்கும்.

பிள்ளையள், ஸ்கீயையும் இதையும் போட்டுக் குழப்பாதேங்கோ. ஸ்கீயில ரெண்டு கால், ரெண்டு பலகை, ஒரு ஸ்கீ ஒரு பக்கம் போக மற்றது வேற பக்கம் போகும், ஒவ்வொண்டும் ஒன்றரை மீற்றருக்கு மேல நீளமான நெம்புகோல், அது ஒரு காலைப் பிடிச்சு முறுக்கினா முழங்கால்தான் போகும், அதாலதான் ஸ்கீ பைண்டிங் குறிப்பிட்ட பலத்துக்கு மேல காலை விட்டிடவேணும், அந்தப் பலத்தைக் குறிக்கிறதுதான் டின் நம்பர், அதுக்குத்தான் உங்கட நிறை, உயரம், வயசு எல்லாம் கேட்டு நாங்கள் மெசினில வைச்சுப் பார்க்கிறது. ஸ்னோபோர்டில ரெண்டு காலும் ஒரே பலகையில. விழேக்க ரெண்டு காலும் ஒண்டாத்தான் திரும்பும், ஒரு கால் மற்றக் காலுக்குக் காவல். ஸ்கீக்காரருக்கு முழங்கால் எண்டா ஸ்னோபோர்ட்காரருக்கு மணிக்கட்டு எண்டு சொல்லுறது இதாலதான்.

இப்ப யோசியுங்கோ, அந்த ரெண்டில ஒண்டு மட்டும் கழண்டா? ஒன்றரை மீற்றருக்கு மேல நீளமான பலகை முழுக்க ஒரே காலில தொங்கும். கழண்ட கால் ஒரு பக்கம், பலகை ஒரு பக்கம், நடுவில பூட்டுப்பட்டிருக்கிற கால் கட்டிப் பிளாஸ்டிக் சப்பாத்துக்குள்ள, கணுக்கால் அசைய வழியில்ல, முறுக்கு முழுக்க எங்க போகும்? நேர முழங்காலுக்கு. லிஃப்டால இறங்கேக்க பின் காலைக் கழட்டி ஒரு காலோட போறீங்களெல்லோ, ஸ்னோபோர்ட்காரருக்கு முழங்கால் பிரச்சினை வாற ஒரு இடம் அது. ஆறுதலா இறங்கிற இடத்திலயே அப்பிடியெண்டா, முழு வேகத்தில வளைஞ்சு போகேக்க கழண்டா?

அப்ப "கொஞ்சம் லூசா இருந்தாப் பாதுகாப்பு" எண்டது பச்சைப் பொய். வழமையான பிளேட் பைண்டிங்குக்கு டின் எண்டு ஒண்டு இல்லவே இல்ல. அது கழரவே கூடாது. செக் நாட்டு எஸ்டர் லெடெட்ஸ்காவை எல்லாருக்கும் தெரியும்தானே, 2018 பியோங்சாங்கில ஸ்கீயில சூப்பர் ஜீ தங்கம், ஒரு கிழமை கழிச்சு ஸ்னோபோர்டில பரலல் ஜயண்ட் ஸ்லாலம் தங்கம். அதே மனுசி, அதே ஒலிம்பிக், ஆனா முதல் போட்டியில காலில கிடந்தது கழருற பைண்டிங், ரெண்டாவதில கழராத பைண்டிங். இதுக்கு மேலயும் எப்பிடிச் சொல்லுறதெண்டு எனக்குத் தெரியேல்ல.

இன்னொண்டு. இஞ்ச விபத்துத் தடுப்பு நிலையம் பி.எஃப்.யு., ஸ்கீ பைண்டிங்கை வருசா வருசம் செக் பண்ணி ஸ்டிக்கர் ஒட்டச் சொல்லுது, நல்ல விசயம். அதுக்காகப் பிளேட் பைண்டிங்கைக் கொண்டு வந்து "அண்ணை இதுக்கும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுங்கோ" எண்டு கேக்காதேங்கோ. மெசினில அளக்க அதில ஒண்டும் இல்ல. கண்ணாலயும் கையாலயும்தான் பார்க்கவேணும்.

சரி, எப்பிடிப் பூட்டுறது.

சப்பாத்துக்குள்ள கால் இல்லாம, போர்டை மேசையில வைச்சுச் செய்யுங்கோ. பனியில குனிஞ்சு நிண்டுகொண்டு விரல் விறைக்கச் செய்யிற வேலை இல்ல இது. முதல்ல குதி. பின் கம்பி வளையம் சப்பாத்தின்ர குதி உதட்டில முழுசா, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கோ எண்டு குனிஞ்சு பாருங்கோ, மேலால நிண்டு பார்த்தாத் தெரியாது. பிறகு முன் லீவரைத் தூக்கி உதட்டுக்கு மேல கொண்டு வந்து உள்ளங்கையின்ர அடியால அமத்துங்கோ. ஒரு விரலால பூட்டுப்பட்டா லூஸ். எழும்பி நிண்டு காலால உதைச்சாத்தான் பூட்டும் எண்டா கூட இறுக்கம், கம்பி களைச்சு ஒரு நாள் முறியும். உள்ளங்கையால நல்ல அமத்து ஒண்டு, "டக்" எண்டு ஒரு சத்தம், அவ்வளவுதான். பிறகு சப்பாத்தைப் பிடிச்சுப் போர்டை முழுசாத் தூக்கி ஆட்டுங்கோ. "டிக் டிக்" எண்டு ஏதும் கேட்டா, குதிப்பக்கம் ஒரு கடதாசி போற இடைவெளி தெரிஞ்சா, திருப்பித் துவக்கத்தில இருந்து. ரெண்டு காலுக்கும் செய்யவேணும், முன்னது சரியெண்டா பின்னதும் சரியா இருக்கும் எண்டு நினைக்கிறதுக்கு ஒரு நியாயமும் இல்ல.

நீளம் மாத்தேக்க முன் கட்டையை மட்டும் நகர்த்திப்போட்டு விடுறது அடுத்த வியாதி. பூட்டுப்படும், ஆனா சப்பாத்து ஒரு பக்கம் தள்ளி நிக்கும், போர்டைச் சரிக்கேக்க குதி பனியில தட்டும், அப்பிடியே தூக்கி எறியும். ரெண்டு கட்டையையும் நகர்த்தி, விரல் நுனியும் குதியும் போர்டின்ர கரையில இருந்து ஒரே அளவு உள்ளுக்கு நிக்கப் பண்ணுங்கோ. கோணமும், அதாவது கால் குறுக்கால நிக்காம போர்டின்ர முன்பக்கம் எவ்வளவு திரும்பி நிக்குது எண்டதும், இதோட சேர்ந்ததுதான். போர்டின்ர இடுப்பு, அதான் நடுவில ஒடுங்கின இடத்தின்ர அகலம், 20 சென்ரிமீற்றர், சப்பாத்தடி 29 சென்ரிமீற்றர் எண்டு வையுங்கோ, 45 பாகையில வைச்சாலே நீளம் மட்டும் குறுக்கால இருபதரை வருது, சப்பாத்தின்ர அகலம் வேற கிடக்கு. அதான் 50 ஐத் தாண்டி வைக்கிறது. சொஃப்ட் பூட்டில 15 இல நிண்ட பழக்கத்தில இதிலயும் 30 இல வைச்சுக்கொண்டு வாறவை இருக்கினம், அவைக்குக் கணிதம் படிப்பிச்ச ஆசிரியரை எனக்கு ஒருக்காச் சந்திக்கவேணும்.

ஸ்குரூ பற்றி ஒரு சின்னப் புலம்பல். ஸ்னோபோர்ட் ஸ்குரூவின்ர தலை பொசிட்ரைவ் 3. வீட்டில கிடக்கிற சாதாரண ஸ்டார் ஸ்குரூடிரைவரால திருகித் தலையை மொழுக்கிப்போட்டு என்னட்டக் கொண்டு வந்து "இறுகிப் போச்சு அண்ணை" எண்டாதேங்கோ. பைண்டிங்கைப் போர்டில பிடிக்கிற வட்டத் தட்டை (டிஸ்க்) மாத்தினா ஸ்குரூ நீளத்தையும் பாருங்கோ, உள்ளுக்க ஒரு 5, 6 சுத்தாவது பிடிக்கவேணும், அதுக்காக நீளமானதைப் போட்டு இறுக்கினா போர்டின்ர அடியில கொப்புளம் மாதிரித் தள்ளும். ஸ்குரூ தானாக் கழராம இருக்க, ஸ்குரூவுக்குப் போடுற நீலப் பசை ஒரு சொட்டு. முதல் நாள் ரெண்டு ஓட்டத்துக்குப் பிறகு ஒருக்கா இறுக்கிப் பாருங்கோ, பொக்கெற்றில வைக்கிற சின்ன டூல் காணும்.

சப்பாத்துப் பக்கமும் இருக்கு. கார் பார்க்கில இருந்து கொண்டோலா வரைக்கும் தாரில டக்கு டக்கெண்டு நடந்து நடந்து முன் உதடு தேய்ஞ்சு போகும். ஒரு மில்லிமீற்றர் ரெண்டு மில்லிமீற்றர் தேய்ஞ்சா, போன வருசம் "டக்" எண்டு பூட்டின லீவர் இந்த வருசம் சத்தமில்லாமப் பூட்டும். கன சப்பாத்தில அந்த உதட்டுத் துண்டுகள் ஸ்குரூவிலதான் இருக்கு, கழட்டி மாத்தலாம். ஸ்கீச் சப்பாத்தைப் போட்டுச் சறுக்கலாமோ எண்டு கேக்கிறவைக்கு: பழைய தட்டையான கட்டி அடியெண்டா பழகிப் பார்க்க ஒரு நாள் ரெண்டு நாள் சரி. இப்ப வாற, நடக்கச் சுகமான, வளைஞ்ச ரப்பர் அடிக் கிரிப்வோக் எண்டா தயவுசெய்து வேண்டாம். லீவர் ரப்பரை அமத்தும், ரப்பர் உள்ள போகும், நீங்கள் வெளிய போவீங்கள். மாமா வீட்டு நிலவறையில 20 வருசம் கிடந்த சப்பாத்தும் வேண்டாம். வெளியால பளபளவெண்டு இருக்கும், பழைய பிளாஸ்டிக் உக்கி ஒரு நாள் குளிரில பிஸ்கட் மாதிரி உடையும். எனக்கு முன்னால ஒரு சப்பாத்து மேசையிலயே நாலு துண்டாப் போனது.

குதியில ரெண்டு ஊசி வெளிய வந்து தானாப் பூட்டுற இன்டெக் மாதிரியான ஸ்டெப்-இன் வைச்சிருக்கிறவை, உங்களுக்கு லீவர் தலையிடி இல்லயெண்டு சிரிக்காதேங்கோ. ஊசி போற ஓட்டையில பனி இறுகிக் கிடந்தா ஊசி பாதிதான் போகும், சத்தம் கேக்கும், நிண்டு பார்த்தாப் பிடிச்ச மாதிரியும் இருக்கும். இழுக்கிற கேபிள் முழுசா உள்ள போட்டுதோ எண்டு ஒவ்வொரு தரமும் பாருங்கோ. லீவர் வகையெண்டாலும் இதே கதைதான், தட்டில பனியை வைச்சுக்கொண்டு அதுக்கு மேல ஏறி நிண்டு பூட்டினா அந்தப் பனி உருகினதும் லூசாகிடும். ஒரு சின்னப் பிளாஸ்டிக் சுரண்டி ஜக்கெற் பொக்கெற்றில. 10 செக்கன் வேலை. பின்னால நிக்கிற சிநேகிதன் "கெதியா வாடா" எண்டு கத்தட்டும், அவன்ர முழங்கால் இல்லத்தானே.

முன் காலில ஒரு லீஷ் வாரும் கட்டுங்கோ. அது காலைக் காப்பாத்த இல்ல, தற்செயலாக் கழண்ட போர்ட் கீழ நிக்கிற ஒரு குழந்தையில போய் ஏறாம இருக்க.

தாய் தகப்பன்மாருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை பழைய சாமான் வாங்கினதுக்குப் பேசாதேங்கோ, அதில பிழை இல்ல, நானே பழசிலதான் பழகினனான். ஆனா சறுக்கப் போக முதல் ஒருக்கா ஏதாவது ஒரு பட்டறைக்குப் போர்டையும் சப்பாத்தையும் ரெண்டையும் சேர்த்துக் கொண்டு போங்கோ. போர்டை மட்டும் கொண்டு வந்து "27 நம்பர் கால், அதுக்குச் செட் பண்ணுங்கோ" எண்டா என்னால ஏலாது, 27 எண்டது காலின்ர அளவு, அடியின்ர நீளம் ஒவ்வொரு கொம்பனிக்கும் வேற. அரை மணித்தியாலம் காணாத வேலை. நல்லாச் சறுக்கிற பெடியங்கள்தான் "எனக்குத் தெரியும் அப்பா" எண்டு சொல்லுறவங்கள், அவங்களைத்தான் முதல்ல இழுத்துக்கொண்டு வாங்கோ.

அந்தத் தகப்பனுக்கு இதில பாதியைத்தான் சொன்னன். அவர் கேட்டுக்கொண்டு நிண்டிட்டு, கடைசியில மெதுவா, "அப்ப இதைத் திருப்பி வித்துவிடலாமோ தம்பி, அவன் இனி ஏறமாட்டன் எண்டு சொல்லுறான்" எண்டார். போர்ட் நல்ல போர்ட், கரை கூடத் தேயேல்ல. விக்கலாம் அண்ணை எண்டன். முன் பைண்டிங்கைக் கழட்டி வெளிச்சத்தில பிடிச்சுப் பார்த்தா கம்பி ஒரு பக்கம் வளைஞ்சு, வளைஞ்ச இடத்தில தலைமயிர் மாதிரி ஒரு வெடிப்பு. மற்றதெல்லாத்தையும் கட்டிக் குடுத்தன். அந்தக் கம்பியை மட்டும் குறட்டால ரெண்டா வெட்டி, இரும்புக் குப்பைப் பெட்டிக்குள்ள போட்டிட்டன்.