யூஎஸ்பி ஒயரை நீட்டுவதற்கு முன்

"ஹார்ட் டிஸ்க் போயிடுச்சு, வந்து பாருங்க" என்று அழைப்பு வந்தால், டிஸ்க்கைத் தொடுவதற்கு முன்னால் அதன் ஒயரைப் பிடித்துக்கொண்டு மறுமுனை வரை போவேன். வீட்டிலிருந்தே வேலை செய்பவர்களின் அறைகளில் பல பழுதுகளுக்கு விடை அந்த வழியில்தான் கிடைத்திருக்கிறது.

வீட்டில் கணக்கு எழுதும் ஒரு பெண்மணியின் அறை. ஒரு மூலையில் கணினி, எதிர்மூலை அலமாரியில் பேக்கப் டிஸ்க். நடுவே ஐந்து மீட்டர் யூஎஸ்பி கேபிள், அதன் நுனியில் மூன்று மீட்டர் எக்ஸ்டென்ஷன். சுவரோரமாகக் கிளிப் அடித்து, கதவு நிலைக்கு மேலே வளைத்து, அவ்வளவு நேர்த்தியாக இழுத்திருந்தார். ஆனால் நாளைக்கு நாலைந்து தடவை கணினி ஒரு சத்தம் கொடுக்கும், டிஸ்க் மறையும், கொஞ்ச நேரத்தில் திரும்பி வரும். டிஸ்க்தான் கெட்டுவிட்டது என்று நினைத்து இன்னொன்று வாங்கினார். அதுவும் அப்படியே செய்தது. அதற்குள் நகலெடுத்த கோப்புறைகளில் சில திறக்கவே மறுத்தன. எழுதிக்கொண்டிருக்கும்போதே இணைப்பு அறுந்தால் அப்படித்தான் ஆகும்.

டார்ச் அடித்து அந்த எக்ஸ்டென்ஷனின் உறையைப் பார்த்தேன். பொடி எழுத்தில் 28 ஏடபிள்யூஜி என்று இரண்டு முறை அச்சிட்டிருந்தது. ஒன்று தகவல் போகும் கம்பிகளுக்கு, மற்றது மின்சாரம் போகும் கம்பிகளுக்கு. இந்த அளவுமுறையில் எண் ஏற ஏறக் கம்பி மெலியும். 28 என்றால் தையல் நூலைவிடச் சற்றே தடித்த செம்பு. ஒரு மீட்டருக்குச் சுமார் 0.21 ஓம் தடை இருக்கும். மின்சாரம் போய்த் திரும்ப வேண்டும் அல்லவா, ஆகவே இதே கம்பி போட்ட ஐந்து மீட்டர் கேபிளில் அது கடப்பது பத்து மீட்டர், தடை 2 ஓமுக்கு மேல். யூஎஸ்பி 2.0 போர்ட் தரக்கூடிய 500 மில்லி ஆம்பியரை ஒரு கருவி முழுதாக இழுத்தால் வழியிலேயே 1 வோல்ட் போய்விடும். புறப்பட்டது 5 வோல்ட், போய்ச் சேர்வது 4. ஹார்ட் டிஸ்க் சுழலத் தொடங்கும் நொடியில் வழக்கத்தைவிட அதிக மின்சாரம் கேட்கும். அந்த நொடியில்தான் அது தடுமாறுகிறது.

அதே நீளத்தில் மின்சாரக் கம்பிகள் 24 ஏடபிள்யூஜி என்றிருந்தால் இழப்பு 0.4 வோல்ட்தான். கேபிள் வாங்கும்போது நிறத்தையும் பின்னலையும் பார்ப்பதற்கு முன்னால் இந்த எண்ணைத் தேடிப் பாருங்கள். எண்ணே அச்சிடாத நீளமான கேபிளை நான் வாங்கமாட்டேன்.

தடித்த கம்பி போட்டால் எவ்வளவு தூரமும் இழுக்கலாமா என்றால், முடியாது. கணினி ஒரு கேள்வி அனுப்பிவிட்டுப் பதிலுக்கு ஓரளவு நேரம்தான் காத்திருக்கும். யூஎஸ்பி 2.0 விதிப்படி ஒரு கேபிளைக் கடக்க சிக்னல் 26 நானோ நொடிக்கு மேல் எடுக்கக் கூடாது. ஐந்து மீட்டர் என்ற எல்லை அதிலிருந்து வந்தது. 3.0 இன்னும் கண்டிப்பு. அங்கே வேகம் நொடிக்கு 5 கிகாபிட், அதனால் நடைமுறையில் மூன்று மீட்டர் தாண்டினாலே சிக்னல் கலங்கத் தொடங்கும். வெப்கேம் படம் உறைவது, ஸ்கேனர் பாதியில் நிற்பது எல்லாம் இந்த வகைதான். இதில் எதுவும் கேபிள் கெட்டதாகத் திரையில் காட்டாது. கருவியைத்தான் குற்றம் சொல்லும். அதனால்தான் நல்ல கருவிகள் குப்பைக்குப் போகின்றன.

சரி, தூரம் வேண்டும் என்றால்? முதலில் அந்தக் கருவி தூரத்தில்தான் இருக்க வேண்டுமா என்று பாருங்கள். பேக்கப் டிஸ்க் கணினிக்குப் பக்கத்தில், அதனோடு வந்த குட்டிக் கேபிளிலேயே இருக்கட்டும். பிரிண்டரை யூஎஸ்பியில் இழுக்காமல் லேன் கேபிளில் ரவுட்டரோடு இணைத்துவிடலாம். லேன் கேபிள் 100 மீட்டர் வரை சலிக்காமல் போகும். வெப்கேம் போன்றவற்றுக்கு நடுவில் தனி மின் அடாப்டர் உள்ள ஹப் (ஒரு யூஎஸ்பி போர்ட்டைப் பலவாகப் பிரிக்கும் பெட்டி) வைக்கலாம், அல்லது சிக்னலைப் புதுப்பித்து அனுப்பும் ஆக்டிவ் கேபிள் வாங்கலாம். யூஎஸ்பியை லேன் கேபிள் வழியாகக் கடத்தும் பெட்டிகளும் உண்டு. அவற்றில் பல நெட்வொர்க் கருவிகள் அல்ல, முனை மட்டும்தான் ஒன்று போலிருக்கும். அப்படிப்பட்ட பெட்டியின் கேபிளை ரவுட்டரிலோ நெட்வொர்க் ஸ்விட்சிலோ செருகிவிடாதீர்கள். இரு முனையிலும் சீட்டு ஒட்டி வையுங்கள்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்கு, அல்லது மொட்டை மாடி வழியாக, செம்புக் கேபிள் எதையும் கணினிக்கு இழுக்காதீர்கள். அருகில் எங்கோ இடி விழுந்தாலே அந்தக் கம்பியில் பாயும் மின்னழுத்தம் இரு பக்கத்துக் கருவிகளையும் கருக்கிவிடும். அங்கே வைஃபை அல்லது கண்ணாடியிழைக் கேபிள்தான் சரி.

அந்தப் பெண்மணியின் பழைய டிஸ்க்கைக் குட்டிக் கேபிளில் செருகி இரண்டு நாள் ஓட விட்டோம். ஒரு தடவைகூட அறுபடவில்லை. திறக்காத கோப்புகளை மூலக் கணினியிலிருந்து மறுபடி நகலெடுத்தோம், நல்லவேளை அங்கே அவை இருந்தன. ஆனால் டிஸ்க் பக்கத்தில் வந்ததும் ஒயர்லெஸ் மவுஸ் தடுமாற ஆரம்பித்தது. யூஎஸ்பி 3.0 இணைப்புகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் கிளப்பும் என்று இன்டெல் நிறுவனம் 2012-இலேயே அறிக்கை வெளியிட்டது. மவுஸ் பேசுவதும் அதே அலைவரிசையில்தான். கணினியில் செருகியிருக்கும் மவுஸின் குட்டி ரிசீவரை டிஸ்க்கிலிருந்து தள்ளி வைத்தால் போதும். கழற்றிப் போட்ட மூன்று மீட்டர் எக்ஸ்டென்ஷன் கையருகே கிடந்தது. ரிசீவர் இழுக்கும் மின்சாரம் மிகச் சொற்பம், அதற்கு அந்த மெல்லிய கம்பி தாராளம். அதன் நுனியில் ரிசீவரைச் செருகி, மவுஸுக்குப் பக்கத்தில் மேசை மேல் வைத்துவிட்டு வந்தேன்.