'ஒன்றுமில்லை, விடுங்கள்'

செவித்திறன் பரிசோதனைக்கு வருபவர்கள் பெரும்பாலும் மகனோடோ மகளோடோ மனைவியோடோதான் வருகிறார்கள். வந்தவரிடம் நான் ஒன்று கேட்பேன்; பதில் உடன் வந்தவரிடமிருந்து வரும். கேட்பியல் வல்லுநராகப் பணி தொடங்கிய காலத்தில், வேலை சீக்கிரம் முடிகிறதே என்று நானும் அதற்கு இடம் கொடுத்திருக்கிறேன். எழுபதைக் கடந்த பெரியவர் ஒருவரைப் பற்றி, "எத்தனை நாளாக இப்படி?" என்று அவருடைய மகனிடம் விசாரித்துக்கொண்டிருந்தபோது, அவர் மேசையில் கிடந்த பேனாவை என் பக்கம் தள்ளி, "எழுதிக் காட்டுங்கள், நானே சொல்கிறேன்" என்றார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

அந்த மகன் சொன்ன குறையைப் பிறகு நூறு பேரிடம் கேட்டுவிட்டேன். "அப்பாவுக்கு வேண்டியது மட்டும் காதில் விழும். மெதுவாகச் சொன்னால் கேட்காது; சத்தமாகச் சொன்னால் ஏன் கத்துகிறாய் என்பார்." வீட்டில் இது பிடிவாதமாகப் பார்க்கப்படுகிறது. உண்மையில், உட்செவி பழுதுபட்டவரின் நிலையை இதைவிடத் துல்லியமாக யாரும் சொல்லிவிட முடியாது. மெல்லிய ஒலிகளைப் பெருக்கித் தரும் நுண்மயிர்ச் செல்கள் உட்செவியில் சிதையும்போது, ஒலி காதில் விழத் தொடங்கும் அளவு உயர்ந்துவிடுகிறது. ஆனால் ஒலி வலியாக மாறும் அளவு ஏறக்குறைய பழைய இடத்திலேயே நிற்கிறது. ஒலியின் அளவைச் சொல்லும் டெசிபெல் கணக்கில், 60 டெசிபெல்லில்தான் கேட்கத் தொடங்குகிறார், 100 டெசிபெல்லில் காது கூசுகிறது என்றால், நடுவே அவருக்கு இருப்பது 40 டெசிபெல் மட்டுமே. கத்துகிறவர் ஒரே மூச்சில் அதைத் தாண்டிவிடுகிறார்.

வயதோடு வரும் குறைவு முதலில் அதிர்வெண் கூடிய, கீச்சென்ற ஒலிகளைத்தான் பறிக்கிறது. உயிரெழுத்துகளின் ஓசை கனமாக வந்து சேரும். படி, கடி, தடி ஆகியவற்றை வேறுபடுத்தும் மெல்லிய கூறுகள் நழுவிப்போகும். அதனால்தான் "பேசுவது கேட்கிறது, என்னவென்றுதான் விளங்கவில்லை" என்கிறார்கள். அமைதியான அறையில், எதிரே அமர்ந்து, பழகிய விஷயத்தைப் பேசினால் விட்டுப்போன எழுத்துகளை மூளை ஊகித்து நிரப்பிக்கொள்ளும். தொலைக்காட்சி ஓடும்போது அடுத்த அறையிலிருந்து கூப்பிட்டால் ஊகத்துக்கு வழியே இல்லை. 'வேண்டியது மட்டும் விழுகிறது' என்ற குற்றச்சாட்டின் பின்னால் இருப்பது இவ்வளவுதான்.

இதற்கிடையில் சிரிப்பு வேறு. 'படி' என்றதற்குக் 'கடி' என்று பதில் சொன்னவரைச் சுற்றி வீடே சிரிக்கிறது, அந்தக் கதை விருந்தினர் வரும்போதெல்லாம் மறுபடி அரங்கேறுகிறது. பார்வை மங்கியவர் தடுக்கி விழுந்தால் ஓடிப்போய்த் தூக்குகிற அதே மனிதர்கள்தான் இவர்கள். நாலு முறை சிரிப்புக்கு ஆளானவர் ஐந்தாம் முறை கேட்பதில்லை. புரிந்ததுபோலத் தலையாட்டத் தொடங்குகிறார். என் அனுபவத்தில், கேலியைவிட ஆழமாகக் காயப்படுத்துவது "என்ன சொன்னாய்?" என்பதற்குக் கிடைக்கும் "ஒன்றுமில்லை, விடுங்கள்" என்ற பதில். உனக்குச் சொல்லும் அளவுக்கு இது பெறாது என்றுதான் அது அவர் மனத்தில் போய் விழுகிறது.

உலகில் 43 கோடிக்கும் அதிகமானோருக்குச் செவித்திறன் மறுவாழ்வு தேவைப்படுவதாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. நடுவயதில் கவனிக்காமல் விடப்படும் குறைவை, மறதிநோய்க்கான, மாற்றியமைக்கக்கூடிய ஆபத்துக் காரணிகளில் ஒன்றாக லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2017 முதல் சுட்டிவருகிறது. இருந்தும், கண்ணாடியைச் சட்டம் பார்த்து ஆசையாகத் தேர்ந்தெடுப்பவர்கள், காதுக்கருவி என்றதும் என்னிடம் முதலில் கேட்பது "வெளியே தெரியாதது இருக்கிறதா?" என்பதைத்தான். 'செவிட்டு மிஷின்' என்ற பேர் இருக்கும்வரை அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. கருவி மாட்டிய மறுநாளே "இன்னுமா கேட்கவில்லை?" என்று அதட்டுவதும் நடக்கிறது. ஆண்டுக்கணக்கில் கேளாதிருந்த ஒலிகளைப் பிரித்தறிய மூளைக்குப் பல வாரங்கள் தேவை. அதுவரை பாத்திரம் உரசும் சத்தமும் பேச்சும் ஒரே கனத்தோடு வந்து மோதும்.

முதலில் பெயர் சொல்லி அழைத்து, முகம் தெரியும்படி நின்று, வழக்கமான குரலில் சற்று நிதானமாகப் பேசினாலே பாதிக் கஷ்டம் தீரும். விளங்காத சொல்லை உரக்கத் திரும்பச் சொல்வதைவிட வேறு சொல்லால் சொல்லிப் பாருங்கள். தொலைவு பாதியானால் திறந்த வெளியில் ஒலி 6 டெசிபெல் கூடும், ஆகவே குரலை உயர்த்துவதற்குப் பதில் இரண்டடி முன்னால் போகலாம்.

பேனாவை நகர்த்திய பெரியவர் போன பிறகு, என் அறையில் நாற்காலிகளை மாற்றிப் போட்டேன். பரிசோதனைக்கு வருபவரின் நாற்காலி இப்போது வெளிச்சம் என் முகத்தில் விழும்படி எனக்கு நேர் எதிரே இருக்கிறது. உடன் வருபவருக்கு இடம் பின்சுவரோரம். அங்கிருந்து பதில் வந்தால் கைகாட்டி நிறுத்திவிட்டு, கேள்வியை மறுபடி எதிரே இருப்பவரிடமே கேட்கிறேன்.