ஸ்லிப் இருந்தால் மட்டும் போதுமா?

பதவியில் இருப்பவர்கள் பொதுப் பணத்தில் செய்யும் செலவுக்கு ஸ்லிப், அதாவது ரசீது, காட்டுவது பற்றிப் பேச்சு வந்தாலே ஒரே கேள்விதான். இந்த மாதத்தில் மட்டும் எத்தனை பேர் வாயிலிருந்து இதைக் கேட்டுவிட்டேன். "அவர் எல்லாத்துக்கும் ஸ்லிப் கொடுத்திருக்காராமே, அப்புறம் என்ன தப்பு?" வரிக் கணக்கு கொடுக்க வந்த கடைக்காரர் கேட்டார். கோயில் கமிட்டியில் மூத்தவர் ஒருவர் கேட்டார். அதையெல்லாம் விட்டிருப்பேன். அரசாங்க நிதிப் பிரிவில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர், "பேப்பர் எல்லாம் சரியா இருந்தா பாஸ் பண்ணிட வேண்டியதுதானே அக்கா?" என்று கேட்டபோதுதான் பொறுக்க முடியாமல் போயிற்று.

நான் கணக்குத் தணிக்கை செய்பவள். பொதுத்துறையில் உள் தணிக்கைப் பிரிவில் இருந்துவிட்டு, இப்போது தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் சொந்தமாக அலுவலகம் வைத்திருக்கிறேன். பதவியில் இருப்பவர்களின் பயணச் செலவு, ஓட்டல் செலவு, விருந்துச் செலவுக் கோப்புகள் நிறையவே என் மேசைக்கு வந்து போயிருக்கின்றன. மக்கள் கொதிப்பது நியாயம். ரேட்ஸ் (நகராட்சிச் சொத்து வரி) பில் ஒரு நாள் தாமதமானால் வட்டி போடுகிறார்கள், நம் பணத்தில் அவர்கள் ஊர் சுற்றுகிறார்கள் என்றால் யாருக்குத்தான் வயிறு எரியாது? ஆனால் "ஸ்லிப் இருக்கிறதா?" என்று கேட்டு, "இருக்கிறது" என்றதும் அடங்கிவிடுகிறோமே, அதுதான் என் ஆதங்கம்.

ஸ்லிப் சொல்வது ஒரே ஒரு விஷயம்தான். இந்த நாளில், இந்தக் கடையில், இவ்வளவு பணம் கைமாறியது. அவ்வளவுதான். யாருக்காகச் செலவு ஆனது, அன்றைக்கு அங்கே பொது வேலை ஏதாவது இருந்ததா, இதே செலவுக்கு வேறு கணக்கிலிருந்து ஏற்கெனவே பணம் வாங்கியாயிற்றா, அந்த விலை நியாயமானதா, இவற்றில் ஒன்றைக்கூட அது சொல்லாது. ஆடி மாதக் கூழுக்கு மாவு வாங்கிய ஸ்லிப் இருக்கிறது என்பதற்காக, கூழ் ஊற்றியாயிற்று என்று எந்தக் கோயில் கமிட்டியாவது ஒப்புக்கொள்ளுமா? "கூழ் எங்கே?" என்று கேட்போம் இல்லையா? பொதுப் பணத்திலும் அந்தக் கேள்வியைத்தான் கேட்க வேண்டும்.

ஒரு கோப்பைப் பற்றிச் சொல்கிறேன். எந்த அலுவலகம், யார் என்பது வேண்டாம். பதவியில் இருந்த ஒருவரின் பயணக் கணக்கு. குறை சொல்ல முடியாத கோப்பு என்றுதான் என்னிடம் கொடுத்தார்கள். ஒவ்வொரு பெட்ரோல் ஸ்லிப்பும் தேதிவாரியாக ஏ4 தாளில் ஒட்டி, ஓரத்தில் கையெழுத்தும் போட்டிருந்தது. ஒவ்வொரு பயணத்தையும் குறித்து வைக்கும் லாக்புக்கைத் திறந்தேன். நான்கு மாதப் பக்கங்களிலும் ஒரே நீல மை, ஒரே அழுத்தம், ஒரே சாய்வு. ஒரே உட்காரலில் எழுதியது என்று பார்த்தவுடனே தெரிந்தது. எல்லாப் பயணங்களின் கிலோமீட்டரும் பூஜ்யத்தில் முடிந்தன. உண்மையில் ஓடிய எந்தக் காரும் அப்படி ஓடாது. புனித வெள்ளியன்று "கூட்டம்" என்று ஒரு பதிவு. அன்று அந்த அலுவலகமே பூட்டிக் கிடந்தது. இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலில் ஊரே திரண்டிருக்கும் நாள் அது. இன்னொரு மாலையில், 20 நிமிட இடைவெளியில் இரண்டு பெட்ரோல் ஸ்லிப். இரண்டின் லிட்டரையும் கூட்டினேன். அந்தக் காரின் டேங்க் அவ்வளவு பிடிக்காது.

ஆக, ஸ்லிப் எல்லாம் இருந்தது. போலி என்று எதையும் சொல்ல முடியாது, பங்க்கில் யாரோ உண்மையாகவே பெட்ரோல் போட்டிருக்கிறார்கள். யாருடைய காருக்கு என்பதுதான் கேள்வி. அதைவிடப் பெரிய விஷயம் கோப்பின் கடைசியில் இருந்தது. அதே மனிதர் மாதாமாதம் பயணப்படி வாங்கினார். அலுவலகப் பெட்ரோல் கார்டும் வைத்திருந்தார். கிலோமீட்டர் கணக்கிலும் கிளெய்ம் போட்டிருந்தார். ஒரே சாலைக்கு மூன்று வழியில் பணம்.

இந்தக் கிலோமீட்டர் விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. நாட்டின் வரித் துறையான சார்ஸ் நிர்ணயிக்கும் வீதம் 2025 மார்ச்சில் தொடங்கிய வரியாண்டுக்குக் கிலோமீட்டருக்கு 4 ராண்ட் 76 சென்ட்டாக இருந்தது. டர்பனிலிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க் போய் வர 160 கிலோமீட்டர் என்று வைத்தால் 761 ராண்டுக்கு மேல் வரும். பெட்ரோலுக்கு மட்டும் இவ்வளவா என்று கேட்காதீர்கள். பெட்ரோல், டயர், சர்வீஸ், இன்ஷூரன்ஸ், கார் தேய்மானம் எல்லாம் அதற்குள் அடக்கம். அதனால்தான் இந்த வீதத்தை வரியில்லாமல் வாங்குகிறவர், டோலும் பார்க்கிங்கும் தவிர, அந்தப் பயணத்துக்கென்று வேறு எதையும் வாங்கக் கூடாது என்று விதி இருக்கிறது. பெட்ரோல் ஸ்லிப்பையும் சேர்த்து நீட்டினால் அந்த ஸ்லிப்பே குற்றத்துக்குச் சாட்சி!

பயணப்படி வேறு, கிளெய்ம் வேறு. படி என்பது சம்பளத்தோடு வரும் நிலையான தொகை. அதை வாங்குகிறவர் நடந்தே போனாலும் அது அவருடைய பணம், ஸ்லிப் கேட்க முடியாது, சார்ஸ் மட்டும்தான் லாக்புக் கேட்கும். அந்தத் தொகை அதிகம் என்று தோன்றினால் உங்கள் சண்டை அந்த ஆளோடு இல்லை, அந்தத் தொகையை நிர்ணயித்த அரசாணையோடு. கிளெய்ம் என்பது செலவு செய்துவிட்டுத் திருப்பிக் கேட்பது. அங்கே ஒவ்வொரு சென்ட்டுக்கும் காரணம் கேட்க நமக்கு உரிமை உண்டு. இரண்டையும் குழப்பிக்கொண்டு கத்தினால், "இது என் சட்டப்படியான படி" என்ற ஒற்றை வரியில் நம் வாயை அடைத்துவிடுவார்கள்.

தணிக்கைக்காரர்கள் முதலில் பார்ப்பது தொகையை இல்லை, "நோக்கம்" என்ற கட்டத்தை. உள்ளாட்சித் துறை அமைச்சராக இருந்த சிசெலோ ஷிசெகா 2008ல் சுவிட்சர்லாந்துக்குப் போனார். டிக்கெட் இருந்தது, ஓட்டல் பில் இருந்தது. 2010 உலகக் கோப்பை ஏற்பாடுகளுக்காகப் போனதாகக் காரணமும் சொன்னார். அங்கே சிறையில் இருந்த தோழியைப் பார்க்கப் போனதற்குப் பொதுப் பணம் செலவாகியிருக்கிறது என்று 2011ல், அரசு அமைப்புகள் மீதான புகார்களை விசாரிக்கும் பப்ளிக் ப்ரொடெக்டரின் அறிக்கை சொன்னது. பதவியும் போயிற்று. முன்னாள் ஜனாதிபதி ஜூமாவின் ங்கான்ட்லா வீட்டில் பொதுப் பணத்தில் கட்டிய நீச்சல் குளத்தைத் தீயணைக்கும் குளம் என்று சொன்னதை யாரும் மறந்திருக்க மாட்டோம்.

"விதியில் இடம் இருக்கிறதே" என்பது அடுத்த சமாதானம். விதியை எழுதுவது யார்? 2022 ஏப்ரலில் அமைச்சர்களுக்கான கையேட்டைத் திருத்தினார்கள். அரசு வீடுகளின் தண்ணீர், மின்சாரச் செலவுக்கு இருந்த மாதம் 5,000 ராண்ட் வரம்பு அதில் எடுக்கப்பட்டது. அதே ஏப்ரலில்தான் இங்கே குவாசுலு-நட்டாலில் வெள்ளம் வந்து 400க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். டொங்காட் தண்ணீர் நிலையம் அடித்துப் போகப்பட்டு, அங்கே நம் ஜனங்கள் மாதக்கணக்கில் டேங்கர் பின்னால் வாளியோடு ஓடினார்கள். அக்டோபரில் விஷயம் வெளியே வந்து நாடே கொந்தளித்ததும் திருத்தத்தைத் திரும்பப் பெற்றார்கள். அந்த ஆறு மாதங்களில் வரம்புக்கு மேல் போன ஒவ்வொரு பில்லும் "விதிப்படி"தான். இங்கிலாந்தில் 2009ல் எம்.பி.க்களின் கிளெய்ம்கள் பத்திரிகையில் வெளியானபோதும் பலர் சொன்னது இதைத்தான். அதற்குப் பிறகு அங்கே தனி ஆணையமே அமைத்து, எம்.பி.க்களின் கிளெய்ம்களை வெளியிடத் தொடங்கினார்கள். கோபம் விதியையே மாற்றும் என்பதற்கு இரண்டும் சான்று. ஆனால் விதி என்ன சொல்கிறது என்று யாரோ ஒருவர் உட்கார்ந்து படித்ததால்தான் அது நடந்தது.

மூன்றாவது, "அதான் பணத்தைத் திருப்பிக் கட்டிட்டாரே". ங்கான்ட்லாவின் மொத்தச் செலவு சுமார் 246 மில்லியன் ராண்ட் என்று 2014ல் பப்ளிக் ப்ரொடெக்டர் அறிக்கை கணக்கிட்டது. 2016ல் அரசமைப்பு நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு ஜூமா கட்டியது 7.8 மில்லியன். அதற்குக் கடன் கொடுத்த விபிஎஸ் வங்கி, நகராட்சிகள் போட்டு வைத்திருந்த பொதுப் பணத்தோடு 2018ல் மூழ்கியது. நகராட்சிச் செலவுகளைப் பொறுத்தவரை சட்டம் தெளிவாகவே இருக்கிறது. தவறான செலவைக் காரணமானவரிடமிருந்து வசூலிக்க வேண்டும். வசூலிக்க முடியாது என்று கவுன்சில் தள்ளுபடி செய்தாலும், அதைக் காட்டிக் குற்ற வழக்கிலிருந்து தப்ப முடியாது.

வாட்ஸ்அப் அனுப்புகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் ஆடிட்டர் ஜெனரலின் அறிக்கையில் "முறையற்ற செலவு" என்று ஒரு பெரிய எண் இருந்தால், உடனே "இத்தனை மில்லியன் திருட்டு" என்று பரப்பாதீர்கள். கொள்முதல் முதலிய விதிகளைப் பின்பற்றாத செலவு என்பதுதான் அதன் பொருள். நியாயமான விலையில் பொருள் வந்து சேர்ந்திருந்தாலும் அந்தத் தலைப்பில் வரும். வீண் செலவு தனித் தலைப்பு. திருட்டோ எந்தத் தலைப்பிலும் வராமல் ஒழுங்கான கணக்குக்குள்ளேயே ஒளிந்திருக்கலாம். தப்பான எண்ணைப் பரப்பி அது தப்பென்று ஆனதும், சரியாகக் கேட்டவனையும் சேர்த்துப் பொய்யன் ஆக்கிவிடுகிறார்கள்.

சரி, என்ன செய்வது? நகராட்சியின் கணக்காண்டு ஜூன் 30ல் முடிகிறது. ஆண்டறிக்கையை ஜனவரி 31க்குள் கவுன்சிலில் வைத்தாக வேண்டும், பிறகு பொதுமக்களின் கருத்தைக் கேட்டாக வேண்டும். நகராட்சி நூலகத்திலும் இணையதளத்திலும் கிடைக்க வேண்டும். முழுதும் படிக்க வேண்டாம். 2003ஆம் ஆண்டு நகராட்சி நிதி மேலாண்மைச் சட்டத்தின் 124ஆம் பிரிவுப்படி, கவுன்சிலர்களின் சம்பளமும் படிகளும் கணக்கின் குறிப்புகளில் இருந்தாக வேண்டும். ரேட்ஸ், தண்ணீர், கரண்ட் பாக்கியை 90 நாளுக்கு மேல் கட்டாமல் வைத்திருந்த கவுன்சிலர்களின் பெயரும் அங்கேயே இருக்க வேண்டும். அந்தப் பக்கத்தைப் பாருங்கள். ஆண்டறிக்கையை விவாதிக்கும் கூட்டம் பொதுமக்களுக்குத் திறந்த கூட்டம், எழுந்து பேசவும் நேரம் தர வேண்டும். வெறும் நாற்காலிகளைப் பார்த்துத்தான் அவர்கள் அந்த அறிக்கையை நிறைவேற்றுகிறார்கள். போய் உட்காருங்கள், தயவுசெய்து.

கிளெய்ம் வேண்டுமா, தகவல் பெறும் சட்டத்தில் (2000) விண்ணப்பம் போடுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் மறுத்ததாக எடுத்துக்கொண்டு மேல்முறையீடு செய்யலாம். "எல்லாச் செலவும் கொடு" என்று கேட்காதீர்கள், கிடைக்காது. இன்ன ஆள், இன்ன மாதம், கிளெய்ம் படிவம், லாக்புக், கூட்டத்தின் வருகைப் பதிவேடு என்று கேளுங்கள். வருகைப் பதிவேட்டை மறக்காதீர்கள். என் அனுபவத்தில் ஸ்லிப்பை விட அதுதான் அதிகம் பேசும். பப்ளிக் ப்ரொடெக்டருக்குப் புகார் எழுதக் காசு கிடையாது. ஆனால் சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் எழுத வேண்டும். ஆறப்போட்டுவிட்டு வருகிறவர்கள் அதிகம்.

ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. அரசியல்வாதியைத் திட்டிக்கொண்டே, வரிக் கணக்கு தாக்கல் செய்யும் கடைசி வாரத்தில் இட்டுக்கட்டிய லாக்புக்கோடு என் முன்னால் வந்து உட்காருகிறவர்கள் இருக்கிறார்கள். வீட்டிலிருந்து வேலைக்குப் போய் வருவது சொந்தப் பயணம். அதை அலுவல் பயணமாக எழுதித் தரச் சொல்லாதீர்கள், எழுத மாட்டேன்.

கடைசியாக நிதிப் பிரிவில் வேலை செய்யும் நம் பிள்ளைகளுக்கு. நாடாளுமன்றத்தில் விமான டிக்கெட்டுக்கான வவுச்சர்களை டிராவல் ஏஜென்ட்களோடு சேர்ந்து ஓட்டலுக்கும் வாடகைக் காருக்கும் மாற்றிக்கொண்ட வழக்கில், 2005, 2006ல் எம்.பி.க்கள் பலர் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். அதை வெளியே கொண்டுவந்த நிதி அதிகாரி வேலையை இழந்தார். கவுட்டெங் மாகாணச் சுகாதாரத் துறையில் சந்தேகமான பணப் பட்டுவாடாக்களைத் தடுக்க முயன்ற பபிதா தேவ்கரன் 2021 ஆகஸ்டில் தன் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதனால் தைரியமாகப் பேசுங்கள் என்று என்னால் சும்மா சொல்ல முடியவில்லை. ஒரு கிளெய்ம் சந்தேகமாக இருந்தால் பாஸ் செய்யாதீர்கள், காரணத்தை எழுத்தில் கேட்டுத் திருப்பி அனுப்புங்கள். வாய்மொழி உத்தரவு வந்தால், "நீங்கள் சொன்னபடி" என்று அன்றே மின்னஞ்சல் போட்டு வையுங்கள். அலுவலகத்தில் யாரிடமும் வாய் திறப்பதற்கு முன்னால் வக்கீல் ஒருவரைப் பாருங்கள். வக்கீலிடம் சட்ட ஆலோசனைக்காகச் சொல்வதற்கு, முறைகேட்டை வெளியே சொல்கிறவர்களைக் காக்கும் 2000ஆம் ஆண்டின் இன்னொரு சட்டம் பாதுகாப்புத் தருகிறது.

மற்றவர்கள் கவுண்டரில் இருக்கும் கிளார்க்கிடம் போய்க் கத்தாதீர்கள். அந்தப் பெண்ணுக்கு இதில் முடிவெடுக்கும் அதிகாரம் கிடையாது. கேள்வியை நகராட்சி மேலாளர் பெயருக்கு எழுதிக் கொடுத்து, தேதி முத்திரை போட்ட நகலை வாங்கிக்கொண்டு வாருங்கள்.