முட்டை சுமக்கும் பச்சோந்திக்கு ஒரு வாளி மண்

கோழிக்குச் சேவல் சேராமலே முட்டை வரும். ஏமன் பச்சோந்திக்கும் அப்படித்தான். ‘வெயில்டு கேமிலியன்’ என்ற பெயரில் விற்கப்படும் இந்த இனத்தில், ஆணைக் கண்ணால்கூடப் பார்க்காத பெண்ணும் ஐந்தாறு மாத வயதில் முட்டை கட்டத் தொடங்கிவிடும். கோழி நாளுக்கு ஒன்று இடும். இது ஒரே ஈட்டில் 20 முதல் 80 வரை இட்டுவிடும். ஏற்ற மண் கிடைக்காவிட்டால் இடாமல் வயிற்றிலேயே தேக்கிக்கொள்ளும். வளர்ப்புப் பெண் பச்சோந்திகள் இளவயதிலேயே சாவதற்கு முக்கியக் காரணங்களில் இது ஒன்று. பெரும்பாலும் தடுத்துவிடக்கூடிய சாவு இது.

ஏமனும் சவூதியின் தென்மேற்கு மலைச்சரிவுகளும் இதன் ஊர். காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தப் பட்டியலில் உள்ள இனம் என்பதால், வைத்திருப்பவர் ஒன்றிய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிந்திருக்க வேண்டும். பதியாதவர்கள் ஆபத்து நேரத்தில் மருத்துவரிடம் போகத் தயங்குவார்கள். அந்தத் தயக்கத்துக்கு விலை கொடுப்பது விலங்குதான்.

எத்தனை முட்டை கட்டும் என்பது பெரும்பாலும் தீனியையும் வெப்பத்தையும் பொறுத்தது. தின்றது மிஞ்சினால் ஈரல் அதை மஞ்சள் கருவுக்கான புரதமாக மாற்றி இரத்தத்தில் விடும். சூலகத்தில் காத்திருக்கும் சூல்பைகள் அதை உறிஞ்சிப் பருக்கும். மிச்சம் கூடக்கூடப் பருக்கும் பைகளும் கூடும். உடம்பு சூடாக இருந்தால் வேலை இன்னும் வேகமாக நடக்கும். அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் வளர்ந்த பெண்ணுக்கு வெயில் காயும் கிளையை 27 டிகிரி அளவிலேயே வைத்து, ஒருநாள் விட்டு ஒருநாள் மூன்று நான்கு பூச்சிகள் மட்டும் கொடுக்கிறார்கள். இப்படி வளர்ந்த பெண் 20, 30 முட்டையோடு நிறுத்திக்கொள்ளும்.

குமரி மாவட்டத்தில் இந்த இரண்டு வழிகளில் ஒன்று கோடை முழுக்க அடைபட்டுக் கிடக்கிறது. மார்ச் முதல் மே வரை நாகர்கோவிலில் சூடு விளக்கே இல்லாமல் அறை 31, 32 டிகிரி தொட்டுவிடும். பேச்சிப்பாறை, குலசேகரம் பக்கம் ரப்பர் நிழலில் வீடு உள்ளவர்களுக்குச் சிக்கல் கொஞ்சம் குறைவு. மற்றவர்கள் கோடையில் சூடு விளக்கை அணைத்துவிட்டு, தீனியில்தான் கடிவாளம் பிடிக்க வேண்டும். கை நீட்டினால் ஆவலோடு நாக்கை வீசுகிறதே என்று தினமும் ஊட்டுவதுதான் இங்கே அதிகம் நடக்கும் தவறு.

சூடு விளக்கை அணைக்கலாம். புற ஊதா விளக்கை அணைக்கக் கூடாது. ‘டி5’ வகைக் குழல் விளக்கு கிளைக்கு 20 முதல் 25 செ.மீ. மேலே நாளுக்கு 12 மணி நேரம் எரிய வேண்டும். வெளிச்சம் குறையாவிட்டாலும் ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், புற ஊதா பி கதிர் முன்பே தேய்ந்துபோகும். சன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயில் பயன்படாது. அந்தக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். அந்தக் கதிர் பட்டால்தான் தோலில் வைட்டமின் டி3 உருவாகும், அது இருந்தால்தான் குடல் கால்சியத்தை உள்ளே எடுக்கும். முட்டையின் கருவுக்கும் ஓட்டுக்கும் கால்சியம் போகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்தது. முட்டையை வெளியே தள்ளும் கருக்குழாயின் தசை சுருங்குவதற்கும் அதே கால்சியம் வேண்டும் என்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. கடைசி முட்டை வரை தள்ள வலு இல்லாமல் பாதியில் நின்றுபோகும் பெண்களில் பலவற்றுக்கும் குறை இங்கேதான்.

ஆகவே ஒவ்வொரு இரையின் மேலும் பாஸ்பரஸ் கலக்காத கால்சியம் கார்பனேட் பொடியை மெல்லத் தூவுங்கள். வெற்றிலைச் சுண்ணாம்பு அதற்கு மாற்று ஆகாது. அது அரிக்கும் காரம், வாயையும் குடலையும் புண்ணாக்கிவிடும். இரைப் பூச்சிகளுக்கு முந்தின நாளே முருங்கைக் கீரை போட்டு வைத்தால் அந்தச் சத்தும் சேர்ந்து போகும். வயலிலும் வாழைத் தோட்டத்திலும் பிடித்த வெட்டுக்கிளி வேண்டாம். மருந்து அடித்த இலையைத் தின்றிருக்கும்.

இனி, முட்டையிட மண் நிரப்பி வைக்கும் வாளி. ஐந்து மாத வயது முதலே அது கூண்டுக்குள் நிரந்தரமாக இருக்கட்டும், வயிறு பெருத்த பிறகு தேடி ஓட வேண்டாம். வெளிச்சம் ஊடுருவாத, பெயின்ட் படாத புதிய 20 லிட்டர் வாளி போதும். அடியில் நாலைந்து சிறு துளை போட்டு, 25 செ.மீ. உயரத்துக்கு மண் நிரப்புங்கள். ஈர மண்ணோடு ஏறக்குறைய 30 கிலோ வரும் என்பதால் கூண்டின் தட்டு தாங்குமா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். விளிம்புக்கு ஏற ஒரு கிளை, உள்ளிருந்து வெளியேற ஒரு கிளை, மேலே மறைவாகத் தொங்கும் செம்பருத்தியோ மணி பிளான்டோ.

மண்ணில்தான் எல்லாம் இருக்கிறது. கழுவிச் சலித்த ஆற்று மணலில் கால் பங்கு செம்மண் சேர்த்தால் சுரங்கம் நிற்கும். வெறும் எம்-சாண்ட் கூராக இருக்கும். தென்னை நார்த்தூள் இங்கே மலிவு. ஆனால் தனியாகப் போட்டால் குழி சரிந்துவிடும். கடற்கரை மண் வேண்டவே வேண்டாம். உப்பு ஒரு காரணம். மணவாளக்குறிச்சி பக்கத்துக் கறுப்பு மணலில் இல்மனைட் தாதுவும், கதிர்வீச்சுள்ள தோரியம் அடங்கிய மோனசைட்டும் கலந்திருப்பது இன்னொன்று. பதம் பார்க்க நம் சமையலறை அளவே போதும். புட்டுக்கு மாவு விரவும்போது பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும். அதைவிட ஒரு கை தண்ணீர் கூடுதலாக இருக்கட்டும். விரலை விட்டுச் சாய்வாகத் துளை போட்டுப் பாருங்கள். மேற்கூரை இடியாமல் நின்றால் சரி. காய்ந்த மணலில் தோண்டத் தோண்டச் சரியும். இரண்டு நாள் முயன்று அது கைவிட்டுவிடும்.

முட்டை முற்றியதும் பச்சை உடம்பு கறுத்து, அதில் நீலமும் மஞ்சளும் புள்ளி புள்ளியாகத் தெறிக்கும். பக்கவாட்டில் கோலிக்குண்டு அடைத்த பைபோல வயிறு புடைக்கும். இரையை மறுக்கும், தண்ணீர் மட்டும் குடிக்கும். மரத்தை விட்டு இறங்காத விலங்கு தரையில் சுற்றிச் சுற்றி அலையத் தொடங்கினால் நாள் நெருங்கிவிட்டது. அந்த நிமிடமே கூண்டின் மூன்று பக்கமும் துணி போட்டு மறையுங்கள். இலைகளில் நீர் தெளிப்பதை நிறுத்த வேண்டாம், ஆனால் வாளிக்குள் நீர் தேங்க விடாதீர்கள்.

தோண்டுவதைத் தூரத்திலிருந்து ஒருமுறை பார்த்தால் அதன் உழைப்பு புரியும். கிளை பற்றுவதற்கென்று இரண்டு கொத்தாகப் பிரிந்த விரல்கள் மண்வெட்டியாகின்றன. முன்னங்காலால் பறித்ததைப் பின்னங்கால் வெளியே தள்ளும். அடிவரை போனதும் உள்ளேயே திரும்பி, தலை வாசலைப் பார்க்க உட்கார்ந்து, ஒவ்வொன்றாக இடும். பிறகு மண்ணை இழுத்து மூடிக் காலால் மிதித்து இறுக்கும். ஓர் இரவிலும் முடியலாம், இரண்டு நாளும் ஆகலாம். நடுவில் யாரோ பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் குழியை விட்டுவிட்டு மேலே ஏறிவிடும். முட்டை உள்ளேயே தங்கும். படம் எடுக்க வேண்டாம், விளக்கைப் போட வேண்டாம்.

தோண்டியும் முட்டை வரவில்லை, நாலைந்தோடு நின்றுவிட்டது, பகலில் கண்ணை மூடுகிறது, கண்குழி உள்வாங்கிவிட்டது, கிளையைப் பிடிக்கும் வலு குறைகிறது என்றால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. எக்ஸ்-ரேயில் எத்தனை தங்கியிருக்கிறது என்று தெரியும். மருத்துவர் நீர்ச்சத்தும் கால்சியமும் ஏற்றி, வழி அடைபடவில்லை என்று உறுதி செய்த பிறகே கருக்குழாயைச் சுருங்கவைக்கும் ஆக்ஸிடோசின் ஊசி போடுவார். அடைப்பு இருக்கும்போது போட்டால் கருக்குழாய் கிழியும். மிஞ்சினால் அறுவை சிகிச்சை. ஊர்வன பார்க்கும் மருத்துவர் அக்கம்பக்கத்தில் அமைவது அரிது என்பதால், திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ திருவனந்தபுரத்திலோ யார் பார்ப்பார்கள் என்று வயிறு பெருக்கும் முன்பே விசாரித்து எண்ணைக் குறித்து வையுங்கள்.

இட்டு முடித்தவள் மண் அப்பிய கண்களோடு, வயிறு ஒட்டி, மெலிந்து மேலே வருவாள். முதலில் தண்ணீர்: நீண்ட நேரம் மெல்லிய தூறலாகத் தெளித்தால் கண்ணும் கழுவப்படும், குடிக்கவும் செய்வாள். பிறகு மூன்று நான்கு நாள் மட்டும் கால்சியம் தூவிய இரையை வேண்டுமட்டும் கொடுக்கலாம். அதன் பின் பழைய அளவுக்கு இறங்கிவிடுங்கள்; இந்த நாட்களின் தாராளம் நீண்டால் அடுத்த ஈடு பெரிதாகும். ஆண் சேராத முட்டைகள் மஞ்சளித்துச் சுருங்கிப் பூஞ்சை பிடிக்கும், இரண்டு நாளில் தோண்டி எடுத்துவிடலாம். சித்தெறும்பு மோப்பம் பிடித்துவிடும் என்பதால் கூண்டுக் கால்களை நீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். எறும்புப் பொடி தூவாதீர்கள். வாளி மண்ணைக் கிளறி, பதம் பார்த்து, அதே இடத்தில் வையுங்கள். மூன்று நான்கு மாதத்தில் மறுபடி தேவைப்படலாம்.

தோட்டத்து வேலியோரம் ஒரு பச்சோந்தி மண்ணைப் பறித்துக்கொண்டிருந்தால் அது நம் நாட்டுப் பச்சோந்தி. அதுவும் மண்ணுக்குள்தான் முட்டையிடும். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம். அதற்குக் கூண்டோ வாளியோ வேண்டாம். நாயைக் கட்டி, கோழியை அடைத்து, அது மூடிவிட்டுப் போகும்வரை அந்தப் பக்கம் போகாமல் இருந்தால் போதும். அடுத்த சில மாதங்களுக்கு அந்த இடத்தைக் கொத்தாமல் விட்டுவையுங்கள்.